புது ஸ்போர்ட்ஸ் காரை டெலிவரி எடுப்பது: சடங்கு, சோதனை, முதல் ஆயிரம் மைல்

1950ஆம் ஆண்டு, ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரைச் சேர்ந்த மனநல மருத்துவர் ஒட்டோமார் டோம்னிக், அந்நகரின் சுஃபன்ஹவுசன் பகுதியில் கட்டப்பட்ட முதல் போர்ஷே 356 காரைத் தொழிற்சாலைக்கே போய் வாங்கிக்கொண்டார். உற்பத்தி நடக்கும் இடத்திலேயே வாடிக்கையாளர் சாவி வாங்கும் போர்ஷேயின் வழக்கம் அவரிடமிருந்து தொடங்குகிறது. இன்று அதற்கென்றே கட்டப்பட்ட மாளிகைகள் இருக்கின்றன. வழிகாட்டிகளும் புகைப்படக்காரர்களும் தனித் தடங்களும் இருக்கின்றன. கார் ஆர்வலர்கள் பலர் அந்த ஒரு நாளுக்காக ஓராண்டு, இரண்டாண்டு காத்திருக்கிறார்கள்.

அந்த நாளில் வாங்குபவருக்கு உண்மையில் என்ன கிடைக்க வேண்டும் என்பதுதான் இக்கட்டுரையின் கேள்வி. விளக்கொளியும் கைத்தட்டலும் கிடைப்பது நல்லதே. உழைத்துச் சேர்த்த பணத்தில் பிடித்த வண்டியை வாங்குபவர் மகிழ்வதில் தவறேதும் இல்லை. ஆனால் ஸ்போர்ட்ஸ் கார் சாதாரண வண்டி இல்லை. நானூறு, ஐந்நூறு குதிரைத்திறனை ஒரு மனிதரின் வலது காலுக்கடியில் வைக்கும் இயந்திரம் அது. ஆகவே டெலிவரி என்பது மூன்று காரியங்களை முடித்துத்தர வேண்டும்: வண்டி சரியாக வந்திருக்கிறதா என்று பார்ப்பது, ஓட்டுபவருக்கு அதை அறிமுகம் செய்வது, முதல் சில ஆயிரம் கிலோமீட்டரை எப்படி ஓட்ட வேண்டும் என்று தெளிவாக்குவது. இந்த மூன்றையும் அளவுகோலாக வைத்து, காத்திருப்பில் தொடங்கி, ரன்னிங் இன் எனப்படும் அந்த முதற்கட்ட ஓட்டம் முடியும் வரையுள்ள கட்டங்களை இங்கே பார்ப்போம்.

யாருக்குக் கிடைக்கிறது?

குறைந்த எண்ணிக்கையில் வரும் காரைப் பணம் இருக்கிறது என்பதற்காக மட்டும் வாங்கிவிட முடியாது. டீலருக்கு இத்தனை வண்டி என்று நிறுவனம் ஒதுக்கும். அந்த ஒதுக்கீட்டில் யார் பெயர் முதலில் என்பதை டீலர் முடிவு செய்வார். ஃபோர்டு நிறுவனம் 2016இல் தன் ஜிடி காரின் முதல் 500 வண்டிகளுக்கு விண்ணப்பம் கேட்டபோது 6,506 பேர் விண்ணப்பித்தார்கள். தேர்வானவர்கள் இரண்டு ஆண்டுகளுக்கு விற்கக்கூடாது என்று ஒப்பந்தம் போடப்பட்டது. மல்யுத்த வீரரும் நடிகருமான ஜான் சீனா, கார் கைக்கு வந்த சில வாரங்களிலேயே அதை விற்றுவிட்டார். 2017இல் ஃபோர்டு அவர் மீது வழக்குத் தொடர்ந்தது. மறு ஆண்டு வழக்கு சமரசத்தில் முடிந்தது.

ஜெனரல் மோட்டார்ஸ் வேறு வழியில் போனது. 2023 மாடல் கார்வெட் இசட்06 காரை ஓராண்டு தன்னிடமே வைத்திருப்பவருக்கு 5,000 டாலர் மதிப்புள்ள வெகுமதிப் புள்ளிகளைத் தருவதாக அறிவித்தது. அவசரமாக விற்றால் வாரண்டியின் சில பகுதிகள் அடுத்தவருக்குப் போகாது என்றும் சொன்னது. அமெரிக்காவில் புதுக்காரின் கண்ணாடியில் அதன் பட்டியல் விலை ஒட்டப்பட்டிருக்க வேண்டும் என்பது 1958 முதல் சட்டம். ஆனால் அந்த விலைக்கு மேல் டீலர் கேட்பதை அச்சட்டம் தடுப்பதில்லை. எனவே ஆர்வலர் செய்யக்கூடியது ஒன்றுதான்: முன்பணம் கட்டும்போதே, பட்டியல் விலைக்கு மேல் ஒரு ரூபாயோ டாலரோ இல்லை என்பதையும், வண்டி வராவிட்டால் பணம் திரும்ப வரும் என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். வாய்ச்சொல் நம்பிக்கை வண்டி வரும் வாரத்தில் கரைந்துபோவதை ஆர்வலர் வட்டாரத்தில் பலர் பார்த்திருக்கிறார்கள்.

ஆலை வாசலிலிருந்து வீட்டு வாசல் வரை

உற்பத்தி முடிந்த கார், உரிமையாளரிடம் வருவதற்குள் பல கைகள் மாறுகிறது. ஐரோப்பியக் கார் அமெரிக்காவுக்கோ ஆசியாவுக்கோ போக வேண்டுமானால் கப்பலேற வேண்டும். 2019 மார்ச்சில் கிராண்டே அமெரிக்கா என்ற கப்பல் பிஸ்கே விரிகுடாவில் தீப்பிடித்து மூழ்கியபோது, பிரேசிலுக்குப் போக வேண்டிய நான்கு போர்ஷே 911 ஜிடி2 ஆர்எஸ் கார்களும் அதோடு போயின. அந்த மாடலின் உற்பத்தி அதற்குள் முடிந்திருந்தது. அந்த வாடிக்கையாளர்களுக்காக நிறுவனம் உற்பத்தியை மீண்டும் தொடங்கியது. 2022 பிப்ரவரியில் எம்டன் துறைமுகத்திலிருந்து அமெரிக்கா நோக்கிப் புறப்பட்ட ஃபெலிசிட்டி ஏஸ், அசோர்ஸ் தீவுகள் அருகே எரிந்து, மார்ச் 1ஆம் தேதி மூழ்கியது. அதில் சுமார் 4,000 கார்கள் இருந்தன. உற்பத்தியை முடித்துவிட்டிருந்த லம்போர்கினி அவென்டடார் காரையும் இழந்தவர்களுக்காக மறுபடி கட்ட வேண்டியதாயிற்று.

இவை அபூர்வமான விபத்துகள். அன்றாடம் நடப்பது சிறிய விஷயங்கள்: டிரெய்லரில் ஏற்றும்போது முன்பக்கம் உரசுவது, கப்பல் தளத்தில் நாள்கணக்கில் நின்று பேட்டரி இறங்குவது, பாதுகாப்பு உறைக்கடியில் தூசி புகுந்து பெயிண்டில் கோடு விழுவது. பயணத்துக்காகவே காரில் சில தற்காலிக ஏற்பாடுகளும் செய்திருப்பார்கள். டயரில் காற்று வழக்கத்தைவிட அதிகமாக இருக்கும். சில கார்களில் ஸ்பிரிங் அசையாதபடி அடைப்புக் கட்டைகள் வைத்திருப்பார்கள். மின்சாரம் வீணாகாமல் இருக்க டிரான்ஸ்போர்ட் மோட் போட்டிருப்பார்கள். டெலிவரிக்கு முன் டீலர் செய்யும் பிடிஐ என்ற சோதனையில் இவை எல்லாம் நீக்கப்பட வேண்டும். அடைப்புக் கட்டையை எடுக்க மறந்தால் கார் கட்டை வண்டி போல் குதிக்கும். காற்றைக் குறைக்க மறந்தால் பிடிப்பு குறையும். உரிமையாளர் பிடிஐ படிவத்தைக் கேட்டு வாங்கி, ஒவ்வொரு வரியிலும் டிக் இருக்கிறதா என்று பார்ப்பது யாரையும் அவமதிப்பது ஆகாது.

சாவி தரும் இடங்கள்

ஒப்படைப்பை விழாவாக நடத்துவதில் ஜெர்மானியர்கள் முன்னோடிகள். வோல்ஃப்ஸ்பர்க் நகரில் 2000இல் திறக்கப்பட்ட ஆட்டோஸ்டாட் என்ற கார் ஒப்படைப்பு வளாகத்தில் 48 மீட்டர் உயரமுள்ள இரண்டு கண்ணாடிக் கோபுரங்கள் நிற்கின்றன; ஒவ்வொன்றிலும் 400 வண்டிகள். ஆலையிலிருந்து சுரங்கவழியாக வந்து, தானியங்கி லிஃப்டில் ஏறி, இறங்கி, வாடிக்கையாளர் முன் நிற்கும்வரை காரை யாரும் ஓட்டுவதில்லை. ஓடோமீட்டரில் பூஜ்யம் இருக்கும். கோல்ஃப் ஜிடிஐ வாங்கும் ஆர்வலருக்கு அந்தப் பூஜ்யத்தின் மதிப்பு தெரியும்.

மியூனிக்கில் 2007இல் திறந்த பிஎம்டபிள்யூ வெல்ட், கூப் ஹிம்மல்ப்ளாவ் என்ற ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர் குழு வடிவமைத்தது. வாடிக்கையாளர் மேல்தளத்திலிருந்து படி இறங்கி வரும்போது, கீழே சுழல் மேடையில் அவர் கார் ஒளியில் மெல்லத் திரும்பும். விளக்கம் முடிந்ததும் கட்டடத்துக்குள்ளேயே ஓட்டி, சரிவுப்பாதை வழியாக நகரச் சாலைக்கு இறங்கலாம்.

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலம் பௌலிங் கிரீனில் முறை வேறு. 1981 முதல் கார்வெட் அங்கேதான் தயாராகிறது. ஆலைக்குப் பக்கத்தில், 1994இல் திறந்த தேசிய கார்வெட் அருங்காட்சியகம் இருக்கிறது. அது ஜெனரல் மோட்டார்ஸின் சொத்து அன்று. ஆர்வலர்களின் ஆதரவில் இயங்கும் லாபநோக்கற்ற அமைப்பு. கார் ஆர்டர் செய்யும்போது ஆர்8சி என்ற எண்ணைச் சேர்த்துக் கட்டணம் கட்டினால், நாட்டின் எந்த மூலையிலுள்ள டீலரிடம் வாங்கினாலும் வண்டி அருங்காட்சியகத்துக்கு வந்துவிடும். பழைய கார்வெட்டுகளுக்கு நடுவே அது காட்சிக்கு நிற்கும். பணியாளர் ஒருவர் கூடவே இருந்து ஒவ்வொரு பொத்தானையும் விளக்குவார். பிறகு உரிமையாளர் பார்வையாளர்கள் முன்னிலையில் ஓட்டிக்கொண்டு வெளியே வருவார். 1953இல் தொடங்கிய ஒரு வம்சத்தின் ஆகப் புதிய வாரிசைத் தான் எடுத்துப் போகிறோம் என்ற உணர்வு அவருக்கு அங்கே கிடைக்கிறது. வேறெந்த நாட்டு ஒப்படைப்பிலும் ரசிகர் சமூகத்துக்கு இவ்வளவு இடம் இல்லை.

இவை மூன்றும் மனத்தை நிறைப்பவை. ஆயினும் என் அளவுகோலில் முதலிடம் நான்காவது வகைக்கு: ஓட்டக் கற்றுத்தந்து சாவி கொடுக்கும் இடங்களுக்கு. லைப்சிக்கில் உள்ள போர்ஷே ஆலையை ஒட்டி 3.7 கிலோமீட்டர் நீளத் தடம் இருக்கிறது. ஹெர்மன் டில்க்கே வடிவமைத்த அத்தடத்தில் லகூனா சேகாவின் கார்க்ஸ்க்ரூ, சுசுகாவின் எஸ் வளைவு போன்ற உலகப் புகழ்பெற்ற திருப்பங்களின் மாதிரிகள் உண்டு. காரை அங்கே வாங்க வருபவர், தான் வாங்கிய அதே மாடலில் பயிற்சியாளரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஓட்டுகிறார். ஓட்டுவது நிறுவனத்தின் வண்டி. சொந்த வண்டி ஒரு மைல்கூட வதைபடாமல் காத்திருக்கும். அமெரிக்காவில் அட்லாண்டாவிலும் லாஸ் ஏஞ்சலஸிலும் உள்ள போர்ஷே மையங்களும், தென் கரோலினாவின் கிரியரில் உள்ள பிஎம்டபிள்யூ மையமும் இதே முறையைக் கையாள்கின்றன. நனைந்த தரையில் பின்சக்கரம் நழுவுவது எப்படி இருக்கும், அவசரப் பிரேக்கில் கார் எத்தனை மீட்டரில் நிற்கும் என்பதை முதல்நாளே, பாதுகாப்பான இடத்தில் உடம்பால் உணர்வது எந்த அலங்கார மேடையையும்விடப் பெரிய பரிசு.

தமிழர்களுக்கு இன்னொரு சடங்கும் உண்டு. அமெரிக்காவில் இருப்பவர்கள்கூடப் புதுவண்டியை நேரே கோயிலுக்குக் கொண்டுபோய் வாகன பூஜை போடுகிறார்கள். அதற்கும் இடம் கொடுக்கலாம். முதலில் சோதனை முடியட்டும்.

பகல் வெளிச்சத்தில் ஒரு மணி நேரம்

டெலிவரியை மாலை நேரத்தில் வைத்துக்கொள்ளக் கூடாது. ஷோரூம் விளக்கு பளபளப்பைக் காட்டும், குறையைக் காட்டாது. காரை வெயிலில் நிறுத்தி, ஒவ்வொரு பாகத்தையும் சாய்ந்த கோணத்தில் பார்க்க வேண்டும். டீலர் அழுக்குத் துணியால் துடைத்திருந்தால் பெயிண்டில் சிலந்திவலை போல வட்டக் கோடுகள் தெரியும். இதற்காகவே அனுபவமுள்ளவர்கள், 'கழுவ வேண்டாம், நானே கழுவிக்கொள்கிறேன்' என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். கதவுக்கும் உடலுக்கும் இடையிலுள்ள இடைவெளி மேலிருந்து கீழ்வரை ஒரே அளவா, இடப்புறமும் வலப்புறமும் ஒத்துப்போகிறதா என்று விரல்நுனியால் தடவிப் பார்க்கலாம். குனிந்து முன்பம்பரின் அடிப்பாகத்தைப் பார்க்க மறக்கக் கூடாது. தாழ்வான கார் டிரெய்லரில் அடிபடுவது அங்கேதான்.

அடுத்தது டயர். பக்கச்சுவரில் டாட் என்ற எழுத்துகளோடு தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்கள் டயர் செய்த வாரத்தையும் ஆண்டையும் சொல்லும்: 1425 என்றால் 2025ஆம் ஆண்டின் 14ஆவது வாரம். நான்கு டயரும் அடுத்தடுத்த வாரங்களில் செய்தவையாக இருந்தால் நிம்மதி. கோடைக்கால டயர் பொருத்திய காரைக் குளிர்நாட்டில் நவம்பரில் டெலிவரி எடுப்பவர் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். ஏறத்தாழ 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே அந்த ரப்பர் இறுகிப் பிடிப்பை இழக்கத் தொடங்கும். அத்தகைய நாளில் காரை டிரெய்லரில் வீட்டுக்கு அனுப்புவது கோழைத்தனம் இல்லை.

பிறகு எண்கள். சேஸிஸ் எண் எல்லா ஆவணங்களிலும் ஒன்றேயா, ஆர்டர் செய்த ஒவ்வொரு பாகமும் வண்டியில் இருக்கிறதா, இரண்டு சாவிகள், வீல் நட்டுக்கான பூட்டுச்சாவி, இழுக்கும் கொக்கி, காற்று நிரப்பும் கருவி எல்லாம் வந்தனவா என்று பட்டியலை வைத்துச் சரிபார்க்க வேண்டும். இந்தியாவில் வாங்குபவர் இதை எல்லாம் ஆர்டிஓ பதிவுக்கு முன்பே முடித்துவிடுவது நல்லது. பதிவெண் விழுந்த வண்டியைத் திருப்பிக் கொடுப்பது எளிதன்று.

பெயிண்டைக் காக்கும் பிபிஎஃப் படலம் பற்றி ஒரு தவறான எண்ணம் உலவுகிறது. புதுப் பெயிண்ட் 'காய' சில வாரம் விட வேண்டும் என்பார்கள். பட்டறையில் மறுபெயிண்ட் அடித்த வண்டிக்கு அது பொருந்தும். ஆலையில் பெயிண்டை 140 டிகிரி அளவு வெப்பத்தில் சுட்டுத்தான் அனுப்புகிறார்கள். எனவே நெடுஞ்சாலைக் கல் முதல் குழியைப் போடும் முன்பே, டெலிவரி எடுத்த கையோடு படலம் ஒட்டிவிடலாம்.

ரன்னிங் இன்: வாதமும் தீர்ப்பும்

ஆர்வலர்களிடையே அதிகச் சூடு பறக்கும் விவாதம் இதுதான். ஒரு சாரார் கையேட்டை வேதமாகக் கொள்கிறார்கள். இன்னொரு சாரார், இன்றைய எஞ்சின்கள் ஆலையிலேயே சோதனை ஓட்டம் முடிந்து வருகின்றன, துல்லியமாகச் செய்யப்படுகின்றன, ஆகவே முதல் நாளே மிதிக்கலாம் என்கிறார்கள். சிலர் அப்படி மிதித்தால்தான் பிஸ்டன் வளையம் சிலிண்டரோடு நன்றாகப் படியும் என்றும் வாதிடுகிறார்கள்.

அந்த வாதத்தில் ஒரு பாதி உண்மை இருக்கிறது. சிலிண்டரின் உட்சுவரில் குறுக்கும் நெடுக்குமாக நுண்கோடுகள் இழைத்திருப்பார்கள். எரிபொருள் எரிந்து உண்டாகும் வாயுவின் அழுத்தம் வளையத்தை அந்தச் சுவரோடு அழுத்தும்போது, கோடுகளின் கூர்முனை தேய்ந்து இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தும். சுமையே தராமல் ஒரே வேகத்தில் ஊர்ந்தால் அது சரியாக நடக்காது. கையேடுகளும் இதை மறுக்கவில்லை. கார்வெட் கையேடு முதல் 500 மைலுக்கு, அதாவது 800 கிலோமீட்டருக்கு, 4,000 ஆர்பிஎம்மைத் தாண்டாதே என்பதோடு, நெடுநேரம் ஒரே வேகத்தில் போகாதே என்றும் சொல்கிறது. மிதமான சுமையை ஏற்றி இறக்கி ஓட்டச் சொல்வதன் காரணம் இதுவே.

மறுபாதி எங்கே பிசகுகிறது என்றால், ரன்னிங் இன் எஞ்சினுக்கு மட்டும் என்று நினைப்பதில். கியர்பாக்ஸ் பற்களும், டிஃபரன்ஷியலும், சக்கர பேரிங்குகளும் ஆலையின் சோதனை மேடையில் சாலைச் சுமையைச் சந்தித்தவை அல்ல. பிஎம்டபிள்யூ எம் கார்கள் சுமார் 2,000 கிலோமீட்டரில் ஒரு தனி சர்வீஸுக்குப் போக வேண்டும்; எஞ்சின் ஆயிலோடு பின் டிஃபரன்ஷியல் ஆயிலும் அப்போது மாற்றப்படும். முதல் தேய்மானத்தில் உதிரும் உலோகத் துகள்கள் அந்த ஆயிலில் இருப்பதுதான் காரணம். பிரேக் பேடும் டிஸ்க்கும் படிந்து முழுத்திறன் பெற சில நூறு கிலோமீட்டர் ஆகும். புது டயரின் மேற்பரப்பில் அச்சிலிருந்து பிரிய உதவும் வழுவழுப்பு ஒட்டியிருக்கும். முதல் 100, 200 கிலோமீட்டரில் அது தேய்ந்த பிறகே முழுப் பிடிப்பு வரும்.

இன்னொரு நடைமுறைக் காரணமும் உண்டு. நவீன ஸ்போர்ட்ஸ் கார் எதையும் மறப்பதில்லை. போர்ஷே கார்களின் எஞ்சின் கணினி, அளவு மீறிய ஆர்பிஎம்மை ஆறு நிலைகளாகப் பிரித்து, எப்போது நடந்தது என்பதோடு பதிந்து வைக்கிறது. பத்தாண்டு கழித்து அந்தக் காரை வாங்க வருபவர் அந்தப் பதிவை எடுத்துப் பார்ப்பார். ஆகவே தீர்ப்பு கையேட்டின் பக்கமே: ஆர்பிஎம் வரம்புக்குள், வேகத்தை மாற்றி மாற்றி, எஞ்சின் சூடேறிய பிறகு, வளைவுகள் உள்ள சாலையில் ஓட்டுங்கள். அது தண்டனைக்காலம் இல்லை. காரை அறிந்துகொள்ளக் கிடைத்த சிறந்த காலம்.

ஓட்டுபவரும் புதியவரே

1955 செப்டம்பர் 21ஆம் தேதி, நடிகர் ஜேம்ஸ் டீன் புதிய போர்ஷே 550 ஸ்பைடரை வாங்கினார். செப்டம்பர் 30ஆம் தேதி சலினாஸ் பந்தயத்துக்குப் போக வேண்டும். காரை டிரெய்லரில் கொண்டுபோவதாகத்தான் முதலில் ஏற்பாடு. புதுக்கார் கைக்குப் பழக வேண்டும், எஞ்சினும் படிய வேண்டும் என்பதற்காகச் சாலையிலேயே ஓட்டிச் சென்றார். கூடவே மெக்கானிக் ரோல்ஃப் வூதரிச் இருந்தார். வழியில் வேகத்துக்காகப் போலீசார் அவருக்கு ஒரு சீட்டும் எழுதினார்கள். சோலேம் அருகே ஒரு சந்திப்பில் எதிரே வந்த ஃபோர்டு கார் இடப்புறம் திரும்பியது. 24 வயதில் டீன் இறந்தார். கார் கைக்கு வந்து ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது.

அந்த விபத்துக்கு டீனின் அனுபவக்குறைவுதான் காரணம் என்று யாரும் நிறுவவில்லை, நானும் சொல்லமாட்டேன். ஆனால் தாழ்வான, வெளிர்நிறச் சின்னக் காரை மற்றவர்கள் எளிதில் கவனிப்பதில்லை என்பதும், புது இயந்திரத்தின் பிரேக்கும் ஸ்டியரிங்கும் ஓட்டுபவரின் உள்ளுணர்வாக மாறச் சில வாரம் பிடிக்கும் என்பதும் அன்றைக்கும் இன்றைக்கும் உண்மை. ரன்னிங் இன் காலம் காருக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு ஓட்டுபவருக்கும் தேவை. நிறுவனங்கள் சொல்லும் ஆர்பிஎம் வரம்பு இரண்டையும் சேர்த்தே காக்கிறது.

முடிவாக

நல்ல டெலிவரி எது என்ற கேள்விக்கு என் பதில் இது: குறைகளைப் பகலில் பார்க்க விட்டு, அதே மாடலில் பயிற்சியாளரோடு ஓட்ட வைத்து, ரன்னிங் இன் விதிகளைக் கையில் எழுதிக் கொடுத்து அனுப்புவதே நல்ல டெலிவரி. மியூனிக் மேடையும் பௌலிங் கிரீன் வரவேற்பும் அதற்கு மேல் சேரும் அழகு. விற்பனை நிறுவனங்கள் ரிப்பனுக்கும் கேக்குக்கும் செலவிடும் பணத்தில் ஒரு பகுதியை ஓட்டுநர் பயிற்சிக்கு ஒதுக்க வேண்டும். வாங்குபவர்கள் அதைக் கேட்டு வாங்க வேண்டும். நீங்கள் அப்படியொரு காருக்குக் காத்திருப்பவராக இருந்தால், கையேட்டை இப்போதே இறக்கிப் படியுங்கள், டெலிவரியைக் காலை வேளைக்குக் குறியுங்கள், அன்றைக்கு வேறெந்த வேலையும் வைத்துக்கொள்ளாதீர்கள்.